ரெண்டு குவியல் தோல்

ஆம்பூரில் என்னைப்போலத் தோல் பார்க்கிறவன் அந்தக் காலத்தில் கிடையாது. நானே சொல்லிக்கொள்கிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். வேறு யார் இருக்கிறார்கள் சொல்ல? என்னோடு போட்டிக்கு நின்றவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப்பேருக்குக் கண் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆட்டுத்தோலின் கழுத்துப் பக்கத்தைத் தடவினால் போதும், ஒடுகத்தூர் மலையடியில் மேய்ந்த ஆடா, மைசூர்ப் பக்கத்து ஆடா என்று சொல்லிவிடுவேன். படிப்பு என்று பார்த்தால் ரெண்டாம் வகுப்பு. அதிலும் பாதிதான்.

போன மாதம் இங்கே வாலிபப் பிள்ளைகள் ஒரு கூட்டம் போட்டார்கள். ஒருத்தன் மாடியில் இருக்கிறான், ஒருத்தன் குடிசையில் இருக்கிறான், இது நியாயமா அநியாயமா என்று ரெண்டு கட்சி கட்டிப் பேசினார்கள். பந்தலுக்கும் சோடாவுக்கும் நான் கொடுத்தேன் என்பதால் என்னைத் தலைமை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எல்லாம் புத்தகத்தில் இருந்து பேசினார்கள். நன்றாகத்தான் பேசினார்கள். எனக்கு நாற்காலியில் இருப்பே கொள்ளவில்லை. ஏனென்றால் இந்த வழக்கு என் தோல் ஷாப்பு முற்றத்தில், என் கையாலேயே, ஒரு காலைப்பொழுதில் நடந்து தீர்ப்பும் ஆகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நானும், பின்னால் வேலையில் எனக்கு ஜோடியாக நின்றவனும் ஒடுகத்தூர்ப் பக்கத்தில் ஒரே சேரி. மழை பொய்த்து நிலக்கடலை முளைக்காமல் போன வருஷம், கூலிக்கு வழியில்லாமல் ரெண்டு பேரும் நடந்தே ஆம்பூர் வந்தோம். ஒரு சாயபுவின் தோல் ஷாப்பில் சேர்ந்தோம். தோல் பதம் போடுகிற இடத்தை நாங்கள் ஷாப்பு என்றுதான் சொல்வோம். எங்களுக்குக் கொடுத்த வேலை மயிர் வழிப்பது. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை எடுத்து, சாய்வாக நட்ட மரக்கட்டை மேல் போட்டு, வயிற்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ரெண்டு பக்கமும் கைப்பிடி வைத்த மழுங்கல் கத்தியால் மேலிருந்து கீழே தள்ள வேண்டும். சுண்ணாம்பு விரல் நுனியைத் தின்றுவிடும். சோறு பிசைந்தால் எரியும்.

இந்த வேலையை ரெண்டு ரெண்டு பேராகத்தான் செய்வார்கள். எதிரெதிர்க் கட்டை. அந்த ரெண்டு பேருக்கு ஜோடி என்று பெயர். காலையில் மேஸ்திரி குழியில் இருந்து தோலை இழுத்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறிப் போடுவார். நாள் கணக்கில் ஊறிய தோல் என்றால் மயிர் தானாக நழுவும். சரியாக ஊறாத தோல் என்றால் வேரோடு பிடித்துக்கொண்டு உயிரை வாங்கும். அதனால்தான் அப்படிப் பங்கு போடுவது. என் பங்கு மோசம், உன் பங்கு நல்லது என்று ஒருத்தனும் வாய் திறக்க முடியாது. எங்கள் ஷாப்புகளில் எது மாறினாலும் இது மாறாது.

நானும் அவனும் கையில் சமம். நேராகச் சொல்கிறேன், ஒரு நாள் அவன் முந்துவான், ஒரு நாள் நான் முந்துவேன். ஆனால் சாயபு ஒரு நாள் வந்து, "மூட்டை மேல சுண்ணாம்புக்கட்டியால எழுதியிருக்கே, இத எவனாவது படிப்பானா?" என்று கேட்டார். நான் படித்தேன். அன்றோடு எனக்குக் கட்டைவேலை தீர்ந்தது. என்னைத் தோல் மண்டிக்குக் கூட்டிப் போய்த் தரம் பிரிக்கக் கற்றுக் கொடுத்தார். பிடித்துக்கொண்டேன் பாருங்கள்! ரெண்டே வருஷத்தில் அவருக்கே தோல் பார்த்துச் சொன்னேன். சீமையில் பெரிய சண்டை வந்து தோலுக்குக் கிராக்கி ஏறின சமயம் ஒரு இடிந்த ஷாப்பைக் குத்தகைக்கு எடுத்தேன். பிறகு அதையே வாங்கினேன். ஓட்டு வீடு, தங்கப் பொத்தான், ஜட்கா வண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தென்னந்தோட்டம், தோட்டத்தில் கற்கண்டு மாதிரித் தண்ணீர் ஊறுகிற ஒரு கிணறு. எங்கள் சேரியில் பிறந்தவன் எவன் இவ்வளவு பார்த்தான்? என் ஜோடி என் ஷாப்பிலேயே கட்டையில் நின்றான். அவன் பெண்சாதி என் ஷாப்பிலேயே தோல் பதத்துக்கு ஆவாரம்பட்டை இடித்தாள். வேலை கொடுத்தவன் நான்தான்.

அப்போது எனக்கு ஒரு பேச்சு உண்டு. யார் கிடைத்தாலும் அதைப் பேசுவேன். "ஏழை ஏழையாவே இருக்கான்னா அது அவன் கையாலாகாத்தனம். என்னப் பாரு, நானும் அதே கட்டையில நின்னவன்தான்." விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போனால் அங்கே வரிசையில் நிற்பவர்களிடமும் பேசுவேன். யாரும் மறுத்ததில்லை. தங்கப் பொத்தான் போட்டவனை யார் மறுப்பார்கள்?

ஒரு கோடைக்காலம். மெட்ராஸுக்கு அனுப்பின என் சரக்கு முழுவதும் முதல் தரம் என்று தந்தி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஷாப்பு முற்றத்தில் பட்டை மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து என் ஜோடியின் பெண்சாதி இடுப்பில் காலிக் குடத்தோடு வந்து நின்றாள். முன்பெல்லாம் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். நான் ஷாப்பு வாங்கிய பிறகு மொதலாளி ஆகிவிட்டேன்.

"மொதலாளி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு. இன்னிக்கு எது வேணா கேளு."

"எம்பொண்ணு பேறுகாலத்துக்கு வந்திருக்கா, நெறமாசம். எங்க தெருக் கெணத்துல ஷாப்புத் தண்ணி எறங்கி, வாய் கொப்புளிக்கக்கூட ஆவல. தெனமும் ஆத்துக்குப் போய் மணல்ல ஊத்து தோண்டி, ஊறுற வரைக்கும் காத்துக் கெடந்து ஒரு கொடம் மொண்டாறேன். இந்த வெயில்ல அதுவும் வத்திக்கிட்டு வருது. ஒன் தோட்டத்துக் கேட்டத் தொறந்து வுட்டா எங்க தெருவே பொழைச்சுக்கும்."

பாலாற்று மணலில் ஊற்று தோண்டுவது எனக்குத் தெரியாத வேலை இல்லை. ஆனால் அன்றைக்கு இருந்த குஷியில் எனக்கு அந்தப் பேச்சுத்தான் வாயில் வந்தது. அது நான் உழைத்து வாங்கின தோட்டம், அவர்களும் உழைத்திருந்தால் ஆளுக்கொரு கிணறு வெட்டியிருக்கலாம் என்றேன்.

அவள் குடத்தைத் தரையில் வைத்தாள். வைத்த சத்தத்திலேயே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்போ நாங்க ஒழைக்கலன்ற."

"ஒழைச்சா மட்டும் போதாதும்மா. கையில வேகம் வேணும், தலையில மூளை வேணும். ரெண்டும் எங்கிட்ட ஜாஸ்தி, ஒன் வூட்டுக்காரன்கிட்ட கம்மி. அதுக்கு யாரு இன்னா பண்றது?"

"மூளைய வுடு, அது எங்கண்ணுக்குத் தெரியல. வேகம்ன்றியே, அத இங்கயே பாத்துடலாமா? அதோ கட்ட இருக்குது, கத்தி இருக்குது. அந்தத் தொந்திய வச்சிக்கினு ஒன்னால மொதல்ல குனிய முடியுதா பாரு!"

பட்டை இடிக்கிற பெண்கள் உலக்கையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் ஜிவ்வென்று ஏறியது. கோபம் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம். எத்தனை வருஷம் ஆச்சு ஒருத்தர் என்னைச் சண்டைக்குக் கூப்பிட்டு! மூட்டை மேலிருந்து குதித்தேன். தங்கப் பொத்தான் சட்டையைக் கழற்றி வீசினேன்.

"நான் ஜெயிச்சா கெணத்துப் பேச்ச இந்த ஷாப்புல எவரும் எடுக்கக்கூடாது."

"எங்க வூட்டுக்காரு ஜெயிச்சா கேட்டுக்குப் பூட்டே கூடாது. எங்க தெருவுக்கு என்னிக்கும்."

"சரி!"

என் ஜோடி இத்தனைக்கும் ஒரு ஓரமாக நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். "எனக்கு எதுக்கு இந்த பேஜாரு?" என்றான்.

"நீ கத்தியத் தீட்டு," என்றாள் அவள்.

செய்தி எப்படித்தான் பறந்ததோ, பக்கத்து ஷாப்பு ஆட்கள் எல்லாம் மதில் மேல் ஏறிவிட்டார்கள். மேஸ்திரி குழியில் இருந்து ரெண்டு குவியல் தோல் எடுத்து வைத்தார். ஒரே உயரம். முதலில் முடிப்பவன் ஜெயித்தவன். எதிரெதிர்க் கட்டையில் நாங்கள், பழையபடி ஜோடி!

அடடா, அந்தக் காலைப்பொழுதை எப்படி எழுதுவேன்! முதல் தோலைக் கட்டையில் போட்டேன். கத்தியை வைத்துத் தள்ளினேன். கருப்பு மயிர் அப்படியே பாய் சுருட்டின மாதிரிச் சுருண்டு என் காலடியில் விழுந்தது. உள்ளே இருந்து பால் மாதிரி வெள்ளைத் தோல். அடுத்தது. அதற்கு அடுத்தது. கை மறக்கவில்லை! தொந்தியே தோலை அழுத்திப் பிடிக்க வசதியாக இருந்தது. மதில் மேலிருந்து ஒருத்தன், "மொதலாளி பறக்குறாருடோய்!" என்று கத்தினான். சாயபுவின் பழைய ஆள் ஒருவர் "சபாஷ், சபாஷ்" என்று தொடையைத் தட்டினார். எனக்கு வயசே இல்லாமல் போய்விட்டது. வியர்வை கண்ணில் இறங்குகிறது, துடைக்க நேரம் இல்லை. எதிரே பார்த்தால் என் ஜோடி முக்குகிறான், பல்லைக் கடிக்கிறான், கழுத்து நரம்பு புடைக்கிறது. அவன் குவியல் குறையவே இல்லை. என் குவியல் பாதிக்கு வந்துவிட்டது.

"இன்னா தோஸ்து, ராத்திரி சோறு துண்ணலையா?" என்றேன்.

அவன் தலை நிமிராமல் தள்ளிக்கொண்டே இருந்தான். அவன் பெண்சாதி குடத்தின் வாயைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஜெயிக்கிறவனுக்கு ஒரு கெட்டபுத்தி உண்டு, சும்மா ஜெயித்தால் போதாது, எப்படி ஜெயித்தேன் என்று சொல்லியும் காட்ட வேண்டும். கையில் கத்தியோடு என் கட்டையை விட்டு அவன் கட்டைக்குப் போனேன். "நவுருடா, எப்பிடி வழிக்கிறதுன்னு காட்டறேன்" என்று அவனைத் தள்ளினேன். அவன் தோல் மேல் என் கத்தியை வைத்துத் தள்ளினேன்.

போகவில்லை.

இன்னும் அழுத்தினேன். கத்தி ஒரு விரற்கடை போய் நின்றது. மயிர் அப்படியே இருந்தது. நகத்தால் பிடுங்கிப் பார்த்தேன், வேரோடு பிடித்துக்கொண்டிருந்தது. தோல் மரப்பலகை மாதிரி விறைத்திருந்தது. நான்தான் கண்ணை மூடிக்கொண்டு தோல் பார்க்கிறவனாயிற்றே, எனக்குத் தெரியாமல் போகுமா? முந்தாநாள் குழியில் போட்ட தோல். என் குவியலில் இருந்தது மூலைக்குழித் தோல், நன்றாக ஊறிப் பழுத்தது. இத்தனை நேரமும் பறந்தது என் கையா?

அவனைப் பார்த்தேன்.

"ஒனக்கு எப்போ தெரியும்?"

"மொதத் தோலத் தொட்டப்பவே."

"பின்ன ஏண்டா வாயத் தொறக்கல?"

அவன் கத்தியை வேட்டியில் துடைத்தான். "தொறந்தா? 'கையில தெம்பு இல்ல, தோலக் குத்தம் சொல்றான்'னுவ. இதுவரைக்கும் வேற இன்னா சொல்லியிருக்க நீ?"

கத்தியைக் கீழே போட்டேன்.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேனா, கத்தினேன். "பங்கு போடத் தெரியாதா ஒனக்கு? எத்தினி வருஷமா போடற?"

அவருக்குப் பயம் ஒன்றும் இல்லை, ஆச்சரியம்தான். "பங்கு போடறது ஜோடிங்களுக்குங்க. நீங்க மொதலாளி. மொதலாளிக்கு நல்லதா எடுத்து வெக்காம வேற எப்படிங்க வெப்பேன்?" என்றார்.

அவர் என்னை ஏமாற்றவில்லை, அவனையும் ஏமாற்ற நினைக்கவில்லை. நல்லது முதலாளிக்குப் போவது அவருக்குப் பொழுது விடிவது மாதிரி. யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கூடியிருந்த கூட்டத்தில் பாதிப்பேர்கூட, இதில் என்ன தப்பு என்கிற மாதிரித்தான் நின்றார்கள்.

"எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டு," என்றேன். "ரெண்டு குழித் தோலும் ஒண்ணாக் கலந்து, இங்க ஒண்ணு அங்க ஒண்ணு போடு. எல்லாரும் பாக்கப் போடு. மறுபடியும் ஓட்டம்!"

மேஸ்திரி கலக்க ஆரம்பித்தார். அப்போதுதான் அவள் எழுந்தாள்.

"நீ ஏற்கெனவே வழிச்சு வச்சிருக்கியே, அது யாரு கணக்குலண்ணா?"

அண்ணா என்றுவிட்டாள், அவளுக்கே தெரியாமல்.

"என் கணக்குலதான்! நான் வழிச்சதும்மா அது. என் வேர்வ!"

"வேர்வ ஒன்னுதுதான். யாரு இல்லன்னாங்க? நீ தள்ளுன, வழுக்குனது தோலு."

கூட்டத்தில் அதற்கு ஒரு பெரிய சண்டையே கிளம்பிவிட்டது. ஒருத்தன், "முடிஞ்சது முடிஞ்சதுதான், இனிமேப்பட்டுத்தான் சமம்" என்றான். இன்னொருத்தன், "அவருக்கு முன்னாடியே பாதி வழிச்சுக் கொடுத்துட்டு அப்பால சமம்னா அது எந்த ஊர்ச் சமம்?" என்றான். பட்டை இடிக்கிற கிழவி ஒருத்தி, மொதலாளி பாவம், களைச்சுப் போய்ட்டாரு, ஒரு வாய் மோர் குடுங்க என்றாள். என் ஜோடிதான் கையைத் தூக்கினான்.

"வுடுங்க. அவன் வழிச்சது அவன் கணக்குலயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். எனக்கு வந்ததே ரோஷம்! "ஒன் தருமம் எனக்கு வேணாம்டா!" என்று நான் வழித்து வைத்திருந்த தோலை எல்லாம் வாரி எடுத்துக் கழுவுகிற தொட்டியில் எறிந்தேன். சும்மா கிடைத்த முந்துதலை வேண்டாமென்று எறிந்த முதலாளி இந்தப் பாலாற்றங்கரையில் என்னைத் தவிர எவனாவது இருந்தால் வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

மறுபடி ஓட்டம். இப்போதுதான் நிஜமான ஓட்டம். ஊறின தோல் ஒன்று வந்தால் ஊறாத தோல் ஒன்று வந்தது. என்னால் பறக்க முடியவில்லை. மூச்சு இரைத்தது, முதுகில் ஆணி இறங்கியது, பழைய இடத்திலேயே விரல் நுனி எரிந்தது. ஆனால் விடுவேனா? ஒரு தோலில் நான் முந்தினேன், அடுத்ததில் அவன் வந்து ஒட்டிக்கொண்டான். ஒடுகத்தூரில் இருந்து நடந்து வந்த அந்த ரெண்டு பயல்கள் மறுபடி எதிரெதிரே! அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "டேய், மெதுவாடா, செத்துடப் போற" என்றான். முதலாளியை டேய் என்கிறானே என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கூட்டம் இப்போது ரெண்டாகப் பிரிந்து தொண்டை கிழியக் கத்தியது. கடைசித் தோல் ரெண்டு பேர் கட்டையிலும் ஒரே சமயத்தில் விழுந்தது. நான் பாதிக்கு வந்தபோது அவன் தன் தோலைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். வெள்ளை வெளேரென்று, ஒரு மயிர் இல்லாமல்.

தோற்றேன். அரைத் தோலில் தோற்றேன். தினம் அதே வேலை செய்கிறவனிடம், தொந்தி வைத்துக்கொண்டு, அரைத் தோல்! இதை என் கெட்டிக்காரத்தனத்தில்தான் நான் சேர்க்கிறேன், யார் எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த தோட்டத்துச் சாவியை அவிழ்த்தேன். அவள் கையை நீட்டவில்லை, குடத்தை நீட்டினாள். உள்ளே போட்டேன். கணீரென்று விழுந்தது. அவள் அங்கே நிற்கவில்லை. பின்னாலேயே பட்டை இடிக்கிற பெண்கள் எல்லாம் ஓடினார்கள். அன்றைக்கு என் ஷாப்பில் அதற்குமேல் பட்டை இடிபடவில்லை.

நானும் அவனும் கட்டையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. "சாயபு மூட்டையக் காட்டி யாராவது படிப்பீங்களான்னு கேட்டாரே, நெனவு இருக்குதா?" என்றேன்.

"இல்லாம?"

"ஒனக்கும் அந்த ரெண்டு எழுத்து தெரிஞ்சிருந்தா?"

அவன் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான். ஊரில் என் அம்மா பாதிரியார் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குவாள். அவள் பின்னாலேயே போய் நான் வாசலில் உட்கார்ந்துகொள்வேன். உட்காரவிட்டார்கள். அதே சமயம் அவன் ஆண்டை வீட்டில் படியாள், மாடு மேய்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மூளை ஜாஸ்தி என்று நான் சொன்னது இதைத்தான்.

"ஒனக்கு மூலைக்குழித் தோலு விழுந்துச்சு," என்றான் அவன். பிறகு, "ஆனா நீயும் சோம்பேறி இல்லடா. கெடச்ச தோல நல்லாத்தான் வழிச்ச" என்றான். இதுவரைக்கும் எனக்குப் பலபேர் மாலை போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகத் தோட்டத்துக் கிணற்றில் ராட்டினம் கிறீச்சிட்டது. கூடவே அவள் குரல் ரோட்டைத் தாண்டி என் வீட்டுக்கே கேட்டது. "அண்ணா! இன்னா கயிறு வாங்கி வச்சிருக்க? பாதியிலயே நிக்குது, தண்ணிக்கே எட்டல!"

நான் ஒருத்தன் இறைத்துக்கொண்டவரைக்கும் போதுமாயிருந்த கயிறு. முந்தின நாள் முழுக்க ஒரு தெருவே இறைத்ததும் தண்ணீர் கீழே போய்விட்டது. முன்னாலே என்றால் ஆளை அனுப்பியிருப்பேன். அன்றைக்கு உற்சாகம் தாங்காமல் நானே ரயிலேறி வேலூர் போய் லாங் பஜாரில் கயிற்றுக்கடையில் நின்றேன். இருப்பதிலேயே நீளமான தாம்புக்கயிறு கேட்டேன். கடைக்காரர் என் விரலில் புண்ணைப் பார்த்தார், பிறகு பொத்தானைப் பார்த்தார், யாருக்கு என்று விசாரித்தார். சொன்னேன்.

"சேரிக்காரங்களுக்கா? கெடுக்கறீங்க சார்," என்றார். "ஏழை ஏழையா இருக்கான்னா அது அவன் கையாலாகாத்தனம். என்னையே பாருங்க, ஒழைச்சு மேல வந்தவன்..."

என் பேச்சு! ஒரு சொல் மாறாமல் என் பேச்சு! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இந்தக் கடை யாரு ஆரம்பிச்சதுங்க?" என்று கேட்டேன்.

"எங்க தாத்தா."

"அப்போ ஒங்களுதும் மூலைக்குழித் தோலு," என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பைத்தியம் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும்.

போன மாதம் அந்த வாலிபப் பிள்ளைகள் கூட்டத்தில் தலைமையுரை கேட்டார்களே, அப்போதும் இதைத்தான் சொன்னேன். கெட்டிக்காரன் மேலே வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே கெட்டிக்காரன்தான். ஆனால் முதலில் ரெண்டு குழித் தோலையும் ஒன்றாகக் கொட்டிப் பங்கு போடுங்கள், அதற்கு அப்புறம் எவன் கை எப்படி என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்றேன். கை தட்டினார்கள். எந்தக் கட்சிக்குத் தட்டினார்கள் என்று தெரியவில்லை.

அன்றைக்குக் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு ரயிலிறங்கி நேராகத் தோட்டத்துக்குப் போனேன். கேட் திறந்தே கிடந்தது. கிணற்றைச் சுற்றிக் குடங்கள், அவற்றின் நடுவில் அந்த நிறைமாசப் பெண் ஒரு தென்னை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா கயிற்றை என் தோளில் இருந்து உருவி, ராட்டினத்தில் மாட்டி, வாளியை விட்டாள். கயிறு ஓடியது, ஓடியது, கீழே தண்ணீர் சளக்கென்றது.

"இப்போ எட்டுது," என்றாள். வாளியை இழுத்து முதல் குடத்தை நிரப்பினாள். பிறகு என்னைப் பார்த்து, "நின்னு வேடிக்கை பாக்கறியேண்ணா, ஒரு கை புடி" என்றாள். பிடித்தேன். அந்தக் கிணற்றில் என்னளவு வேகமாகத் தண்ணீர் இறைத்தவன் இன்றுவரைக்கும் கிடையாது.